புதுவை, கடலூரில் நல்ல கிறிஸ்தவச் சபையைத் தேடுவது எப்படி

ஜிப்மரில் வேலை கிடைத்துக் கோரிமேட்டில் வீடு பிடித்தவரும் சரி, சிப்காட் கம்பெனிக்காகக் கடலூருக்குக் குடிவந்தவரும் சரி, சாமான் இறக்கிய முதல் வாரத்திலேயே போனை எடுத்து எந்தச் சபையில் பாட்டு நன்றாக இருக்கிறது என்று பார்க்க ஆரம்பிக்கிறார்கள். பாட்டு ஞாயிறன்று இரண்டு மணி நேரம். காய்ச்சலில் படுத்தால் யார் எட்டிப் பார்ப்பார்கள், காணிக்கை எங்கே போகிறது, போதகர் தப்பு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதெல்லாம் மிச்ச ஆறு நாளில்தான் தெரியவரும். சபையை அந்த ஆறு நாளை வைத்து எடை போடுங்கள்.

முதலில் தூரம். அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்துகொண்டு ஞாயிறு காலை பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போவது மூன்று மாதம் நடக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் நின்றுவிடும். அவ்வளவு தூரத்திலிருந்து வாரநாள் ஜெபத்துக்கோ துக்க வீட்டுக்கோ நீங்கள் போகப்போவதில்லை, உங்கள் வீட்டுக்கும் யாரும் வரப்போவதில்லை. ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் சனி மாலையோ ஞாயிறு மாலையோ வழிபாடு உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கத்தோலிக்கர்களுக்குத் தேடல் சுலபம். குடியிருக்கும் தெருவே பங்கை, அதாவது நீங்கள் எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் என்பதை, தீர்மானித்துவிடும். மிஷன் வீதியில் 1791-ல் கட்டி முடித்த சம்பா கோவிலும், ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள திருஇருதய பசிலிக்காவும் பார்க்க அழகுதான். (சம்பா என்பது வேறொன்றுமில்லை, பிரெஞ்சில் புனித பவுலைச் சொல்லும் ‘சேன் போல்’ நம் வாயில் அப்படி ஆகிவிட்டது.) ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுந்தாலும் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாமல் போகலாம். திருப்பலிக்கு எங்கே போனாலும், பெயரைச் சொந்தப் பங்கில் பதிந்துவிடுங்கள். பங்கு அலுவலகத்தில் “ஃபாதர், எங்க தெரு எந்த அன்பியத்துல வருது?” என்று கேட்டால் போதும். அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடும் சிறு குழு. அன்பியம் ஒழுங்காகக் கூடும் பங்கில் புதியவர் இரண்டு மாதத்தில் ஊர்க்காரர் ஆகிவிடுவார். பேருக்கு மட்டும் இருக்கும் இடத்தில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையோ பாடகர் குழுவோ பார்த்துச் சேர வேண்டியதுதான்.

மற்றவர்களுக்குத் தெரிவு அதிகம், அதனால் குழப்பமும் அதிகம். 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை போன்ற பழைய அமைப்புகளில் போதகரை இடம் மாற்ற மேலே ஒருவர் இருக்கிறார், சபையார் தேர்ந்தெடுக்கும் கமிட்டி இருக்கிறது. அங்கே வரும் வியாதி தேர்தல் சண்டையும் கோஷ்டியும். எந்த அமைப்பிலும் சேராத தனிச் சபைகளில் பெரும்பாலும் தொடங்கியவரே பாஸ்டர், அவருக்குப் பின் மகன். ஜெபமும் நெருக்கமும் அங்கே அதிகமாக இருக்கலாம். ஆனால் பாஸ்டர் தடம் மாறினால் தட்டிக்கேட்க ஆள் இருக்காது. “ஐயா, மூப்பர் குழு இருக்கா? அதுல உங்க குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேர்?” என்று பணிவாகவே கேட்கலாம். (மூப்பர் என்றால் சபையை மேற்பார்க்கும் பெரியவர்.) கேட்டதும் முகம் மாறினால் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று சபைக்கு மேல் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஞாயிறு கொடுங்கள். அதில் ஒன்று அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறாக இருக்கட்டும். கூடவே ஒரு வாரநாள் கூட்டம். ஏழு வாரத்தில் ஏழு சபை சுற்றுபவர்களுக்கு வாசலில் கிடைக்கும் வரவேற்பு மட்டுமே பழகிப்போய், எந்த இடமும் பிடிக்காமல் ஆகிவிடுகிறது. ஆராதனைக்கு 15 நிமிஷம் முன்னால் போய், முடிந்த பிறகு 20 நிமிஷம் நின்று பாருங்கள். கிழிந்த செருப்போடு வந்த பாட்டியிடம் யாராவது பேசுகிறார்களா? பிரசங்கம் வாசித்த வசனத்தை விளக்குகிறதா, வசனத்தை விட்டுவிட்டு மற்ற சபைகளைத் திட்டுகிறதா?

இந்தக் கடற்கரையில் கேட்பதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சலும் இங்கேதான் கரை ஏறின. “ஃபெஞ்சல் அன்னைக்குச் சபையில என்ன செஞ்சீங்க?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள். யார் வீட்டில் தண்ணீர் புகுந்தது, யார் அரிசி கொண்டுபோனார், சபைக்கு வெளியே உள்ள குப்பத்துக்கும் சாப்பாடு போனதா என்று விவரமாகப் பதில் வந்தால் அங்கே உறவு இருக்கிறது. “ஜெபம் பண்ணோம்” என்பதோடு பேச்சு நின்றுவிட்டால், அடுத்த சபையிலும் இதையே கேட்டுப் பாருங்கள்.

பணம். மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையைப் போனில் ஸ்கேன் செய்து, தொகை போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். டிரஸ்ட் அல்லது திருச்சபையின் பெயர் வர வேண்டும். பாஸ்டரின் சொந்தப் பெயரோ அவர் மனைவியின் பெயரோ வந்தால், அந்தக் காணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. காணிக்கையை எத்தனை பேர் எண்ணுகிறார்கள்? உறவினர் அல்லாத இருவராவது எண்ணி, கையெழுத்துப் போட வேண்டும். வருஷக் கணக்கைத் தணிக்கை செய்து சபை முன் வாசிக்கிறார்களா? தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்தவர் பெயரை மேடையில் வாசிப்பது, கொடுக்காதவர் வீட்டில் வியாதி வரும் என்பது, சீட்டுப் பணத்தையும் நகையையும் ‘விதையாக’ விதைக்கச் சொல்வது, இதில் எது நடந்தாலும் இரண்டாம் முறை போகாதீர்கள்.

சாதியைப் பற்றி வெளிப்படையாகக் கேட்டால் “எங்க சபையில அதெல்லாம் இல்ல” என்றுதான் எல்லா இடத்திலும் பதில் வரும். 1745-ல் புதுச்சேரிக் கோவிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவர் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். செங்கல் சுவர் போய்விட்டது. அதற்குப் பிறகும் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சில இடங்கள் உண்டு: கமிட்டியில் யார் யார், திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் போகிறது, எந்தத் தெருவுக்குப் போவதில்லை, காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு யார் வீட்டுச் சமையல் வருகிறது, கல்லறையில் வரிசை எப்படி. அரை மணி நேரம் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்தால் கமிட்டி சொல்லாததும் தெரிந்துவிடும்.

கல்லறை என்றதும் இன்னொன்று. சொந்தக் கல்லறை இல்லாத தனிச் சபைகள் நிறைய. வயதான பெற்றோர் கூட இருந்தால் “அடக்கம் எங்கே நடக்கும்?” என்று சேரும் முன்பே கேளுங்கள். சாவு வீட்டில் நின்றுகொண்டு இன்னொரு சபையிடம் இடம் கேட்பது கொடுமை. கல்யாண வயதில் பிள்ளை இருந்தால், 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணம் முடித்து வைக்கும் உரிமம் போதகருக்கு உண்டா என்றும் விசாரியுங்கள்.

சுகத்துக்காக ஜெபிப்பது சபையின் வேலை. மாத்திரையை நிறுத்தச் சொல்வது இல்லை. சர்க்கரை, வலிப்பு, காசநோய் மருந்தை விசுவாசத்தின் பேரில் விடச் சொல்லும் இடத்தில் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும், வீட்டிலுள்ள குழந்தைக்கும் அதுவே தொற்றும்.

ஞாயிறு பள்ளி வகுப்பில் பெரியவர் இருவராவது இருக்கிறார்களா, கதவு திறந்திருக்கிறதா, பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அழைக்கும் பழக்கம் யாருக்காவது உண்டா என்று கவனியுங்கள். 2012 போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். “சபைக்குள்ளேயே பேசி முடிச்சிடலாம்” என்ற மூப்பரின் யோசனையே சட்டப்படி தவறு. குழந்தைகள் உதவி எண் 1098.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை முதல் மாதமே தண்ணீரில் இறக்கத் துடிக்கும் சபையிடம் எச்சரிக்கை தேவை. பட்டியல் சாதியினர் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானால், பட்டியல் சாதிகளைப் பற்றிய 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருவார்கள். பிள்ளையின் படிப்பும் வேலையும் இதைப் பொறுத்தது. நேர்மையான போதகர் இதை முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்வார்.

முடிவு செய்த பிறகு, பழைய சபையில் ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் (முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) சான்று, மாற்றுக் கடிதம் மூன்றையும் ஒரே நடையில் வாங்கிவிடுங்கள். சந்தா பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டி ரசீது வாங்குங்கள், கடிதம் தாமதமாவது பெரும்பாலும் அதனால்தான். கட்டிய பிறகும் இழுத்தடித்தால் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.