பெரிய பிக்கப்பை விற்றுச் சின்ன வண்டி எடுக்கலாமா? கம்பம்–குமுளி ஓட்டத்துக்கு ஒரு கணக்கு

கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கம் காய்கறியும் வாழையும் ஏற்றிக் குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனை போய்வரும் வண்டிக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "பாதி நாள் பாதி லோடுதான் ஓடுது. பேசாம பொலிரோவைத் தள்ளிவிட்டுட்டுக் குட்டியானை எடுத்துடலாமா?" பொலிரோ என்பது மஹிந்திராவின் பெரிய பிக்கப், குட்டியானை என்பது டாடா ஏஸ் போன்ற சின்ன வண்டி. கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் மைலேஜைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அங்கேயே கணக்கு தடம் புரண்டுவிடும். மைலேஜ் இந்த முடிவில் சின்னப் பங்குதான். சின்ன வண்டி தாங்காத லோடு உங்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 1: 60 நாள் சிட்டை

ஒரு நோட்டு போதும். தேதி, சரக்கு, பெட்டி அல்லது மூட்டை எண்ணிக்கை, மொத்த எடை, ஓடிய கி.மீ., எண்ணெய்ச் செலவு, திரும்பி வரும்போது லோடு இருந்ததா என்று ஏழு கட்டம் போடுங்கள். போன வருடத்துக் கமிஷன் கடைச் சிட்டைகளும் பங்க் பில்லும் கையில் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், ஒரே சாயங்காலத்தில் எழுதிவிடலாம்.

எந்த 60 நாள் என்பதில் கவனம் வேண்டும். ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தை மட்டும் எடுத்தால் பத்து டன் லாரியே வேண்டும் போலத் தோன்றும். மழை பிடித்த நாட்களை மட்டும் எடுத்தால் டூவீலரே போதும் போல இருக்கும். ஓணம் சீசனில் 20 நாள், சாதாரண மாதத்தில் 40 நாள் என்று கலந்து எடுங்கள்.

எழுதி முடித்ததும் எல்லோரும் சராசரி போடுவார்கள். போடாதீர்கள். ஒரு நாள் 100 கிலோ, மறுநாள் 900 கிலோ ஏற்றியவருக்கும் இரண்டு நாளும் 500 ஏற்றியவருக்கும் சராசரி ஒன்றே. ஆனால் முதல் ஆளுக்குச் சின்ன வண்டி ஆகாது. சராசரிக்குப் பதில், நாட்களை எடை வாரியாக அடுக்குங்கள்: 500 கிலோவுக்குள் எத்தனை நாள், 500 முதல் 1,000 வரை எத்தனை, அதற்கு மேல் எத்தனை.

படி 2: எடை மேடையில் ஏற்றுங்கள்

விளம்பரத்தில் போட்டிருக்கும் கொள்ளளவு, நீங்கள் ஏற்றப்போகும் சரக்கின் எடை அல்ல. ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்று) இரண்டு எண் இருக்கும்: காலி எடை, மொத்த எடை. டிரைவர், லோடுமேன், முழு டேங்க், தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாவற்றோடும் வண்டியை எடை மேடையில் நிறுத்துங்கள். ஆர்சியில் உள்ள மொத்த எடையிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவதுதான் நிஜச் சரக்கு.

மாருதி சூப்பர் கேரி பெட்ரோல் வண்டியின் மொத்த எடை 1,600 கிலோ, சொல்லப்படும் கொள்ளளவு 740. இரண்டு பேர் ஏறினால் 140 கிலோ போச்சு. தார்ப்பாய், கயிறு, மேலே அடித்த பைப் ஃப்ரேம் எல்லாம் சேர்த்து இன்னொரு 60 வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 540. சிஎன்ஜி வகையில் சிலிண்டரின் கனத்தால் சொல்லப்படும் கொள்ளளவே 625தான், அதிலும் இந்த 200 கழியும்.

1.7 டன் பொலிரோ பிக்கப்பிலும் அதே 200 கிலோதான் கழியும், ஆனால் அங்கே 1,500 மிஞ்சுகிறது. காகிதத்தில் 740க்கு 1,700, அதாவது ஒன்றுக்கு இரண்டேகால். எடை மேடையில் 540க்கு 1,500, ஏறக்குறைய ஒன்றுக்கு மூன்று. பெரிய வண்டியின் ஒரு முழு லோடு சின்ன வண்டிக்கு மூன்று நடை. சின்ன வண்டி எடுத்தவர்கள் பிறகு ஓவர்லோடு ஏற்றப் பழகுவது இந்த வித்தியாசத்தை முன்கூட்டிப் பார்க்காததால்தான்.

படி 3: சரக்கு வைக்கும் டெக்கை டேப் வைத்து அளந்து பாருங்கள்

டாடா ஏஸ், சூப்பர் கேரி இரண்டிலும் டெக் சுமார் 2.2 மீட்டர் நீளம், 1.49 மீட்டர் அகலம். காய்கறி பிளாஸ்டிக் பெட்டி 60 × 40 செ.மீ. என்றால் ஓர் அடுக்குக்கு எத்தனை? எல்லாவற்றையும் ஒரே திசையில் நீளவாக்கில் வைத்தால் 9, குறுக்கே வைத்தால் 10, இரண்டையும் கலந்து அடுக்கினால் 11. தக்காளியோடு பெட்டி 27 கிலோ என்று எடுத்தால் 540 கிலோவுக்கு 20 பெட்டி. இரண்டு அடுக்கு முடியும் முன்பே எடை முடிந்துவிட்டது. மேலே இடம் காலியாகத்தான் தெரியும், அந்த இடம் உங்களுடையது அல்ல.

பொலிரோவின் ஒன்பது அடிக்கு ஐந்தரை அடி டெக்கில் ஓர் அடுக்குக்கு 16 பெட்டி. 1,500 கிலோவுக்கு 55 பெட்டி, அதாவது மூன்றரை அடுக்கு.

தக்காளி, தேங்காய், உர மூட்டை எல்லாம் எடைச் சரக்கு. 50 கிலோ டிஏபி மூட்டை சின்ன வண்டியில் பத்துதான், 45 கிலோ யூரியா பன்னிரண்டு. காலிஃபிளவர், வாழை இலைக் கட்டு, மல்லித்தழை, பூ இவையெல்லாம் இடத்தை அடைக்கும் சரக்கு, டெக் நிறைந்தாலும் எடை குறைவாகவே இருக்கும். இந்த இரண்டாம் வகைக்காரர் படி 1இல் எழுதிய எடையைப் பார்த்து ஏமாறக்கூடாது. எடை குறைவாகத் தெரிந்தாலும் இடம் போதாமல் போகலாம். பெட்டி எண்ணிக்கையையும் கட்டின் அளவையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 4: மலை ஏறுமா?

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கோ, போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு கடந்து போடிமெட்டுக்கோ ஏறுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். சமவெளியில் மட்டும் ஓடுகிறவர்கள் நேரே படி 5க்குப் போகலாம்.

குதிரைத்திறனை மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். பொலிரோ பிக்கப் சுமார் 75 குதிரைத்திறன், முழு லோடில் மூன்றேகால் டன்னுக்கு மேல், ஆக டன்னுக்கு 22 வாக்கில். டாடா ஏஸ் கோல்டு பெட்ரோல் 30 குதிரைத்திறன், டன்னுக்கு 19. ஏஸ் டீசல் 20 குதிரைத்திறன், டன்னுக்கு 12. இந்தக் கடைசி வண்டி முழு லோடோடு மலை ஏறும், முதல் கியரில், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிக்க அடிக்க. 2023க்குப் பின் வந்த சூப்பர் கேரி 80 குதிரைத்திறன், டன்னுக்கு 50. காகிதத்தில் எல்லோரையும் மிஞ்சுகிறது. ஆனால் அந்த 80 கிடைப்பது இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது. முறுக்குவிசை (டார்க்) 104 நியூட்டன் மீட்டர், பொலிரோவில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் குறைந்த சுற்றிலேயே. எனவே சூப்பர் கேரி ஏறும், ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே ஏற வேண்டும். ஷோரூமில் சொன்ன மைலேஜ் மலையில் வராததற்குக் காரணம் அதுதான்.

சக்கரத்தையும் பாருங்கள். ஏஸுக்கு 12 அங்குலம், சூப்பர் கேரிக்கு 13, பொலிரோவுக்கு 15. ஏலத் தோட்டத்துக்குள் கல்லும் குழியுமான பாதையில் போகிறவருக்கு இந்த மூன்று அங்குலம் பெரிய விஷயம். மாறாக, சந்தைச் சந்துக்குள் நுழைந்து திருப்ப வேண்டியவருக்குச் சின்ன வண்டியின் 4.3 மீட்டர் திரும்பு ஆரம் வரப்பிரசாதம்.

படி 5: பணக் கணக்கு

கீழே உள்ளவை உதாரண எண்கள். உங்கள் நோட்டிலிருந்து எடுத்து மாற்றிப் போடுங்கள். போக வர 100 கி.மீ. நடை. பெரிய வண்டி டீசல் லிட்டர் 93 ரூபாய், 12 கி.மீ. கொடுக்கிறது: நடைக்கு 775 ரூபாய். சின்ன வண்டி பெட்ரோல் 101 ரூபாய், 15 கி.மீ.: 673 ரூபாய். மிச்சம் 102 ரூபாய், அவ்வளவுதான்.

டயர், ஆயில், சர்வீஸ் எல்லாவற்றிலும் நடைக்கு இன்னொரு 100 மிச்சம் என்று தாராளமாகவே வைப்போம். ஒரு நடைக்கு 200, மாதம் 25 நடைக்கு 5,000 ரூபாய். இப்போது லோடு மிஞ்சும் நாளைப் பாருங்கள். வெளி வண்டி வாடகைக்கு எடுத்தால் 2,500 ரூபாய். மாதத்தில் இரண்டே நாள் அப்படி வந்தால் மொத்த மிச்சமும் காலி. 60 நாள் சிட்டையில் மிஞ்சிய நாள் நான்கைத் தாண்டினால் இந்த உதாரணத்தில் பெரிய வண்டியை வைத்துக்கொள்வதே லாபம். இரண்டாவது நடை ஓட்டிச் சமாளிக்கலாம் என்பவர் எண்ணெயோடு டிரைவர் பேட்டாவையும், சரக்கு தாமதமாகப் போய் விலை இறங்குவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலைச் சந்தைக்கு மதியம் போன தக்காளியை யார் கேட்பார்?

கடன் முடிந்த பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுச் சின்ன வண்டிக்கு டியூ கட்ட ஆரம்பிப்பவர்கள் இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். பழைய வண்டி விற்ற பணம் போகப் புதிதாக வாங்கும் கடனின் மாதத் தவணையை அந்த 5,000 ரூபாயிலிருந்து கழியுங்கள். பலருக்கு இந்த ஒரு வரியிலேயே பதில் வந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருப்பதையும் மறக்க வேண்டாம். டாடா இன்ட்ரா வி30 (1,300 கிலோ), ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் (1,250 கிலோவிலிருந்து) போன்றவை. 500 முதல் 1,000 கிலோ கட்டத்தில் நாட்கள் குவிந்திருந்தால் இந்த வகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 6: காகிதத்தில் என்ன மாறும், என்ன மாறாது

மாறுவது பர்மிட். மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. 1.7 டன் பிக்கப் அந்த வரம்பைத் தாண்டிவிடும். எல்லை தாண்டி ஓடுகிறவருக்கு இது ஒரு நிஜமான மிச்சம். ஆனால் பர்மிட் வேண்டாம் என்பதும் வரி வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. குமுளி செக்போஸ்ட்டுக்குப் போகும் முன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தின் செக்போஸ்ட் வரிப் பகுதியில் பார்த்துவிடுங்கள்.

மாறாதவை: மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (7,500 கிலோ வரை எல்லாச் சரக்கு வண்டிக்கும் ஒரே கட்டம்), எஃப்சி எனும் தகுதிச் சான்று (எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருடா வருடம்), லைசென்ஸ். எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸோடு 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. "சின்ன வண்டிக்கு எல்லாமே பாதிதான்" என்று யாராவது சொன்னால் இந்த மூன்றையும் எடுத்துக் காட்டுங்கள்.

ஓவர்லோடு அபராதமும் வண்டி அளவு பார்க்காது. 2019 திருத்தத்துக்குப் பின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, சரக்கை இறக்கும் கூலியும் உங்கள் தலையில். பக்கவாட்டிலோ பின்னாலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பது பட்டறைப் பேச்சு. பட்டை வண்டியின் முதுகை நிமிர்த்தும், அவ்வளவுதான். பிரேக், வீல் பேரிங், ஆக்சில், டயர் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கும். முதலில் தெரிவது இறக்கத்தில், பிரேக் மிதி மெத்தென்று இறங்கும்போது.

படி 7: வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைக்கு

எடுக்க நினைக்கும் அதே மாடலை ஏழு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் சரக்கை, உங்கள் பாதையில் ஓட்டுங்கள். ஷோரூம் டெஸ்ட் டிரைவ் காலி வண்டியில் நடப்பது, அதில் ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டியவை:

- முழு லோடில், ஏற்றத்தில், பின்னால் வண்டி இல்லாத இடத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள். கிளட்ச் வாடை வந்தால் லோடு அதிகம் அல்லது வண்டி போதாது.
- ஏறிய கியரிலேயே இறங்குங்கள். அப்படியும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் அந்த லோடை அந்த வண்டியில் மலையிறக்க வேண்டாம்.
- டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி மைலேஜ் பாருங்கள். மீட்டர் காட்டுவதை நம்ப வேண்டாம்.
- சிஎன்ஜி என்றால் உங்கள் பாதையில் பங்க் எங்கே என்று பாருங்கள். சூப்பர் கேரி சிஎன்ஜியில் பெட்ரோல் டேங்க் ஐந்து லிட்டர்தான்.

சபரிமலை சீசனில் போக்குவரத்தைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடும் நாட்களில் இந்தச் சோதனை வேண்டாம். நெரிசலில் எடுக்கும் மைலேஜ் எதற்கும் உதவாது.

படி 8: கொடுப்பது என்று முடிவானால்

முதலில் ஃபைனான்ஸில் முன்கூட்டி முடிக்கும் தொகையை எழுத்தில் வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சில் சொல்லும் விலை, வெளியே இரண்டு பேர் சொல்லும் விலை, மூன்றையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸைத் தனியாகவும் வண்டி விலையைத் தனியாகவும் கேளுங்கள். சேர்த்துச் சொன்னால் ஒன்றில் கொடுத்ததை இன்னொன்றில் எடுத்திருப்பார்கள்.

கடன் முடிந்ததும் ஃபைனான்ஸ் தரும் என்ஓசியோடு (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35 கொடுத்து ஆர்சியில் அடமானத்தை நீக்குங்கள். பெயர் மாற்றப் படிவம் 29, 30. வாங்குகிறவர் கேரளக்காரர் என்றால் உங்கள் ஆர்டிஓவிடம் படிவம் 28இல் என்ஓசி வாங்க வேண்டும், அதை வாங்காமல் சாவி கொடுக்க வேண்டாம். வண்டி அந்தப் பக்கம் போய் வழக்கில் மாட்டினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு போகாது, உங்களுடையது. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அதே வகைப் புது வண்டிக்குப் பயன்படும், 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. ஃபாஸ்டாக்கை வண்டி கொடுத்த அன்றே மூடிவிடுங்கள், இல்லையென்றால் வாங்கியவர் சுங்கச்சாவடி கடக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் கணக்கில் பணம் குறையும். தார்ப்பாயையும் கயிறையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வண்டித் தார்ப்பாயை வெட்டி மடித்துத் தைத்தால் சின்ன டெக்குக்கு ஆகிவிடும்.