தண்ணீர் அதிகமாகி வாடும் தொட்டிச் செடியைக் காப்பாற்றுவது எப்படி?

செம்பருத்தியோ ரோஜாவோ, மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் தொங்கினால் இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. சேற்றில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுவது இதனால்தான்.

முதலில் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நாலைந்து இலை மஞ்சளாகி, மண்ணில் நாற்றம் எதுவும் இல்லை என்றால் காயவிட்டாலே போதும். புளித்த வாடை வந்தால் செடியை வெளியே எடுத்தாக வேண்டும்.

தொட்டியைச் சாய்த்து, தட்டி, செடியை மண்ணோடு உருவுங்கள். ஈர மண்ணை உதிர்த்துவிட்டு வேரைப் பாருங்கள். தடுமாற்றம் வருவது இங்கேதான். பழுப்பாக இருப்பதெல்லாம் அழுகல் இல்லை. புதர்ச் செடிகளின் முதிர்ந்த வேர் இயல்பாகவே பழுப்புதான். நிறத்தை விட்டுவிட்டு விரலை நம்புங்கள். வேரைப் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிறதா? அது போய்விட்டது. விறைப்பாக இருந்தால், கருத்த நிறமானாலும் தொடாதீர்கள்.

அழுகியதை நல்ல பகுதிவரை வெட்டுங்கள். சமையலறைக் கத்தரி வேண்டாம், வேரை நசுக்கும். கூரான கவாத்துக் கத்தரியே என் தேர்வு. அவ்வப்போது அலகை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். வேர் நிறையப் போயிருந்தால் மேலே கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைப்பேன். மிஞ்சிய வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது.

அப்புறம் தொட்டி. பெரிதாக வேண்டாம், மிஞ்சிய வேர் கொள்ளும் அளவே போதும். வேர் எட்டாத மண் ஈரம் காயாமல் கிடக்கும். மண் தொட்டி எனக்குப் பிடிக்கும், பக்கவாட்டிலும் காயும். பழைய சேற்று மண்ணைத் தவிர்த்து, பெர்லைட்டோ (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் கல்துகள்) பருமணலோ தாராளமாகக் கலந்த புதுக் கலவையில் நடுங்கள். அடியில் ஜல்லி பரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் நீர் ஜல்லிக்குள் இறங்கும், ஆகவே சொதசொதப்பு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

ஒருமுறை நீர் விட்டு, நன்றாக வடியவிட்டு, வெளிச்சமான நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் கிடையாது.

பின்சேர்க்கை: 'மேல்மண் காய்ந்திருக்கிறதே, இப்போது ஊற்றலாமா?' என்று பலர் கேட்டிருந்தீர்கள். மேல்மண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூங்கில் குச்சியை அடிவரை செருகி, சற்றுப் பொறுத்து உருவுங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் இன்றைக்கு வேண்டாம். மலிவான ஈரமானிகளை நான் நம்புவதில்லை. மண்ணில் உப்போ உரமோ இருந்தால் அவை காட்டும் அளவு மாறிவிடும்.