பிரெய்ரிப் பாதையில் நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிகாகோவின் மேற்குப் புறநகர்களில் வசிக்கும் நம்மவர்களில் பலர் பிரெய்ரி எனப்படும் இயற்கைப் புல்வெளியைக் காரிலிருந்து பார்த்துவிட்டு, "யாரோ புல்லை வெட்டாமல் போட்டு வைத்திருக்கிறார்கள்" என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறார்கள். முதல் தவறு அதுதான். சும்மா கிடக்கும் இடம் என்று நினைப்பதால்தான் உள்ளே போன பிறகும் மற்ற தவறுகளைச் செய்கிறோம்.

இல்லினாயில் ஒரு காலத்தில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1837இல் ஜான் டியர் செய்த எஃகுக் கலப்பைக்குப் பிறகு அந்த ஒட்டும் கறுப்பு மண்ணை உழுவது எளிதானது. மக்காச்சோளமும் சோயாவும் வந்தன. இன்று நல்ல நிலையில் எஞ்சியிருப்பது 2,500 ஏக்கர் அளவுதான், அதுவும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் துண்டுதுண்டாக. அப்படி மிஞ்சிய இடங்களில் விதை பொறுக்கி, பட்டேவியாவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில், துகள் முடுக்கி வளையத்துக்கு உள்ளே இருந்த நிலத்தில் 1975இல் விதைக்கத் தொடங்கினார் ராபர்ட் பெட்ஸ் என்ற உயிரியல் பேராசிரியர். லைல் நகரில் மார்ட்டன் ஆர்போரேட்டம் என்ற மரப் பூங்காவில் உள்ள ஷூலன்பெர்க் பிரெய்ரி இன்னும் பழையது. 1962இல் தொடங்கி, நாற்றுகளைக் கையால் நட்டு, களையையும் கையாலேயே பிடுங்கி வளர்த்தார்கள்.

எனவே போட்டோவுக்காகப் பாதையை விட்டு "ரெண்டே அடி" உள்ளே போகும்போது யாரோ நட்டதைத்தான் மிதிக்கிறோம். முதிர்ந்த புல் தாங்கிக்கொள்ளும். காம்பஸ் பிளான்ட் போன்ற பிரெய்ரிச் செடிகள் முளைத்துப் பூப்பதற்கே பல ஆண்டுகள் எடுக்கும், அவற்றின் நாற்று தாங்காது. ஒருவர் போன தடத்தில் அடுத்தவர் போவார், பிறகு அதுவே பாதையாகிவிடும். மே முதல் ஜூலை வரை இன்னொரு காரணமும் உண்டு. பாபோலிங்க் போன்ற பறவைகள் கூடு கட்டுவது மரத்தில் அல்ல, புல்லடியில் தரையில். நாயைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடக் கூடாது என்பதும் இதனால்தான். சிவப்புத் தோள் கொண்ட கரும்பறவை ஒன்று உங்கள் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தால் பக்கத்தில் கூடு இருக்கிறது என்று அர்த்தம். நின்று வீடியோ எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

பருவம் தெரியாமல் போய் ஏமாறுவதும் சகஜம். ஏப்ரலில் பிரெய்ரி காய்ந்து கிடக்கும், அல்லது எரிந்து கறுப்பாக இருக்கும். அப்போது போக வேண்டியது பக்கத்து ஓக் காட்டுக்கு. மரங்கள் இலை விட்டு வெயிலை மறைப்பதற்குள் புளூபெல், ட்ரில்லியம் போன்ற காட்டுப் பூச்செடிகள் எல்லாம் அவசரமாகப் பூத்து முடித்துவிடும். ஜூன் பாதியில் போய்த் தேடினால் பெரும்பாலும் இலைதான் மிஞ்சியிருக்கும். பிரெய்ரிக்கு ஜூலை, ஆகஸ்ட் பூக்காலம். செப்டம்பரில் பிக் புளூஸ்டெம் புல் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும், என்னைக் கேட்டால் அதுதான் சிறந்த மாதம். நடுப்பகலில் மட்டும் போகாதீர்கள், ஒதுங்க நிழலே கிடையாது.

கறுப்பாக எரிந்த நிலத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், வேண்டுமென்றே வைத்த தீ அது. பிரெய்ரிச் செடிகளின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது, காம்பஸ் பிளான்ட்டின் வேர் 15 அடி வரைகூட இறங்கும். தீ போன பிறகு அவை தளிர்த்துவிடும். உள்ளே நுழையப் பார்க்கும் புதர்க்கன்றுகள் கருகிப்போகும், தடித்த பட்டை கொண்ட பர் ஓக் அசையாமல் நிற்கும். ஆனால் தீ வைக்கும் நாளில் "பாதை மூடப்பட்டுள்ளது" என்ற பலகையைத் தாண்டிப் போய் வேடிக்கை பார்க்கக் கூடாது.

அப்புறம் உண்ணி. இதில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். ஊரில் மாட்டிலும் நாயிலும் பார்த்த உண்ணியை மனதில் வைத்துத் தேடினால் கண்ணில் படாது. உண்ணிக் கடியால் வரும் லைம் நோயை மே முதல் ஜூலை வரை அதிகம் தொற்றவைப்பது கருங்கால் உண்ணியின் இளம் பருவம், அது கசகசா அளவுதான் இருக்கும். மரத்திலிருந்து குதிக்காது. புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, உரசிப் போகும் காலில் ஏறிக்கொள்ளும். கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை "சும்மா ஒரு வாக்கிங்" என்று செருப்போடு கூட்டிப்போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ஷூ, வெளிர்நிறப் பேன்ட், அதன் நுனி காலுறைக்குள், நடை பாதையின் நடுவில். பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லி மருந்து துணிக்கு மட்டும்தான், தோலில் பூசக் கூடாது.

வீடு திரும்பியதும் துணியை நேரே வாஷரில் போடுகிறோம். வெதுவெதுப்பான தண்ணீரில் உண்ணி சாகாது. முதலில் டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெய் விடுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். லைம் கிருமி உடலுக்குள் போகப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அன்றே எடுப்பது முக்கியம். அடுத்த சில வாரங்களில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

செடிகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். தொட்டாலே தோல் அரித்துத் தடிக்கும், மூன்று மூன்று இலையாக வரும் பாய்சன் ஐவி காட்டோரத்தில் இருக்கும், மரத்தில் முடியடர்ந்த கயிறுபோல ஏறும். மஞ்சள் குடைப்பூ கொண்ட வைல்ட் பார்ஸ்னிப்பின் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம்தான்.

பூப் பறிப்பது சின்ன விஷயமாகத் தெரியும். விதையிலிருந்து ட்ரில்லியம் பூக்க ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். பூவோடு இலைகளும் சேர்ந்து வந்துவிட்டால் அந்த ஆண்டுக்கான உணவே போய்ச் செடி செத்துவிடலாம். இலையுதிர் காலத்தில் மில்க்வீட் காயைப் பிள்ளைகள் பிய்த்து ஊதுவார்கள். நம் எருக்கின் உறவுக்காரச் செடிதான் அது, பஞ்சும் அப்படியே பறக்கும். மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்பது மில்க்வீட் இலையை மட்டுமே, அதனால் விதையை விட்டுவிடுங்கள். எடுத்து வருவதைவிடக் கொண்டுபோவதில் ஆபத்து அதிகம்: ஷூ மண்ணில் ஒட்டிய கார்லிக் மஸ்டர்ட் என்ற ஆக்கிரமிப்புக் களையின் விதை ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். பாதை முகப்பில் தூரிகை வைத்திருந்தால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தேய்த்துவிடுங்கள்.

பறிக்காமல் கை சும்மா இருக்காது என்பவர்களுக்கும் வழி உண்டு. செப்டம்பர், அக்டோபரில் ஃபெர்மிலாபிலும் சுற்றுவட்டாரக் காப்புக்காடுகளிலும் தன்னார்வலர்களைக் கூட்டி விதை சேகரிக்கும் நாட்கள் நடக்கும். எந்தப் பூத்தலையை எப்படி உருவ வேண்டும் என்று அங்கேயே சொல்லித் தருவார்கள். நீளக்கைச் சட்டையும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.