ஸ்லைடர் ஆமையும் பூனையும் ஒரே வீட்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆமை வாங்கியவர்கள் யாராவது அடிக்கடி போன் செய்கிறார்கள். பெரும்பாலும் சென்னை அபார்ட்மெண்ட் வீடுகள். ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ பூனை இருக்கும், பிள்ளை அடம்பிடித்ததால் வண்ணமீன் கடையிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற பச்சை ஆமைக்குட்டி ஒன்றையும் வாங்கி வந்திருப்பார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது செங்காது ஆமை, கடைக்காரர்கள் பாஷையில் ஸ்லைடர். நாங்களெல்லாம் ஆரம்பத்தில் அடித்த கூத்தையே இவர்களும் அடிக்கிறார்கள். தண்ணீர் மாற்று, கையைக் கழுவு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பூனை செய்யும் அட்டகாசத்தைவிட, பூனையிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று நாம் செய்கிற வேலைதான் ஆமையை அதிகம் படுத்துகிறது.

நட்சத்திர ஆமை

வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அதிர்ஷ்டம் வரும், வாஸ்துவுக்கு நல்லது என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தொட்டிக்குக் கண்ணாடி மூடி

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னமும் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

பூனை தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவும். வீட்டுக்காரர் ஓரிரு நாள் விரட்டிப் பார்ப்பார், அப்புறம் கண்ணாடிக் கடைக்குப் போய் அளவு கொடுத்து ஒரு பலகை வெட்டி வந்து மேலே மூடிவிடுவார். விளக்கு அந்தக் கண்ணாடிக்கு மேலே எரியும். பூனையால் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாருக்கும் நிம்மதி.

ஆமையின் ஓடு கெட்டியாக இருக்கக் கால்சியம் வேண்டும். தின்கிற கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3யை ஆமை தன் தோலிலேயே தயாரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு யுவிபி கதிர் மேலே பட வேண்டும், அதாவது வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரில் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான பகுதி. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், இந்தக் கதிரை மட்டும் அனேகமாக முழுதாகத் தடுத்துவிடும். கடையில் கிடைக்கிற அக்ரிலிக் ஷீட்டும் இதே கதைதான். ஆகக் காசு கொடுத்து வாங்கிய யுவிபி பல்பு வெறும் அலங்கார விளக்காக எரிந்துகொண்டிருக்கும்.

மடிப்பாக்கத்தில் தெரிந்த ஒரு குடும்பம். ஆமை சரியாகச் சாப்பிடவில்லை, வந்து பாருங்கள் என்றார்கள். ஓட்டின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினேன், உள்ளே அமுங்கியது. தாடை எலும்பும் தளர்ந்திருந்ததால் இரையைக் கடிக்கவே முடியவில்லை. "பல்புதான் தினமும் பத்து மணி நேரம் எரியுதே சார்" என்றார் அவர். எரிந்ததுதான், மேலே தடிமனான கண்ணாடி. கேட்டால், கடையிலேயே அப்படித்தான் மூடச் சொன்னார்களாம். மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே, கால்சியம் ஊசி என்று மாதக்கணக்கில் அலைந்தார்கள். ஓடு கெட்டியாகிவிட்டது, ஆனால் கோணலாகிப் போனது கோணலாகவே நின்றுவிட்டது. அலட்சியமான ஆள் என்றால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். இவரோ விசாரித்து, சரியான பல்பைத் தேடி வாங்கியவர்.

பூனைக்குப் பயந்து பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் காட்டுவதும் இதே தவறுதான். சென்னையில் மே மாதம் இதைச் செய்தால் யுவிபி கிடைக்காது, தண்ணீர் மட்டும் கொதிக்கும்.

சரி, வேறு என்ன செய்வது? மரச்சட்டத்தில் வெல்டு மெஷ் கம்பிவலை அடித்து, கொக்கி போட்டு மூடுங்கள். வலையும் கதிரில் ஒரு பங்கைத் தின்னும், அதனால் பல்பு பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தைப் பார்த்து, வலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மாட்டுங்கள். இங்கே பூனை அடுத்த வேலையைக் காட்டும். வலைமேல் கதகதப்பாக இருக்கிறது அல்லவா, நேராக விளக்குக்கு அடியில் வந்து படுத்துத் தூங்கும், ஆமை கீழே நிழலில் கிடக்கும். பூனையின் வயிறும் யுவிபியை விடாது! சட்டத்தைத் தட்டையாகச் செய்யாமல் ஓட்டுக்கூரை மாதிரி இருபுறமும் சரிவாகச் செய்துவிட்டால் படுக்க இடமிருக்காது. விளக்கைத் தொட்டி விளிம்பில் கிளிப் போட்டு மாட்டாதீர்கள், பூனை ஒரு தட்டுத் தட்டினால் சூடான பல்பு தண்ணீரிலோ திரைச்சீலையிலோ விழும். அறையின் மேற்கூரையில் கொக்கி அடித்துச் சங்கிலியில் தொங்கவிடுவதுதான் சரி.

யுவிபி பல்பு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், எந்த வகை என்பதைப் பொறுத்து, சக்தி இழந்துவிடும். வெளிச்சம் மட்டும் பழையபடி வரும். மாட்டிய தேதியை ஹோல்டரில் எழுதி வையுங்கள்.

மொட்டைமாடியில் தனியாக விடுவது

காலை வெயில் எந்த பல்பையும்விட நல்லது. ஆனால் காக்கா, பருந்து, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பாதி நிழல் விழும் டப், மேலே வலை, பக்கத்தில் நீங்கள்.

"எங்க பூனை ரொம்ப சாது"

இருக்கலாம். ஆனால் தரையில் நகர்கிற சின்னப் பொருளைத் தட்டிப் பார்க்காத பூனையை நான் பார்த்ததில்லை. பூனை வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சர்வசாதாரணமாக இருக்கும். கழுத்திலோ காலிடுக்கிலோ பல் பட்டால் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ரத்தம்கூட வராது, உள்ளே சீழ் பிடித்து வீங்கும்போதுதான் தெரியவரும். பல் பட்ட அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், மஞ்சள் பூசிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

இதன் மறுபக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. பெண் ஸ்லைடர் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். அந்த அளவில் அது கடித்தால் பூனையின் பாதம் கிழியும், தையல் போட வேண்டி வந்ததையே நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டித் தண்ணீரைப் பூனை குடிப்பது

கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வைத்தாலும் பல பூனைகளுக்குத் தொட்டித் தண்ணீர்தான் பிடிக்கும். ஆமை நன்றாக இருக்கும்போதே அதன் கழிவில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி வரலாம். பூனை குடிக்கும், பிள்ளையின் தலையணையில் போய்ப் படுக்கும். குழந்தைகளுக்கு இந்தத் தொற்று பரவியதால்தான் அமெரிக்காவில் 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். நம் ஊரில் அந்த அளவுக் குட்டிகளைத்தான் வாங்கி வருகிறோம். வலை மூடி இதற்கும் உதவும்.

தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவுவது

கூடவே கூடாது.

மீந்த பூனைச் சாப்பாடு

ஆமைக்குப் போடாதீர்கள். ஆசையாகத்தான் தின்னும்.

குளத்தில் விடுவது

"பூனையோடு ஒத்துவரவில்லை, அதனால் கோயில் குளத்தில் விட்டுவிட்டோம்" என்று புண்ணியம் செய்தது போலச் சொல்கிறார்கள். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது இந்த ஆமை. நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் கால்வாய்களில் இவை தென்பட ஆரம்பித்த பிறகு, வெளியே விடாதீர்கள், எங்களிடம் ஒப்படையுங்கள் என்று அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனமே கேட்க வேண்டியதாயிற்று. 20, 30 வருடம் வாழ்கிற பிராணி, முடியவில்லை என்றால் வளர்க்கத் தெரிந்த வேறு ஒருவரிடம் கொடுங்கள். தொட்டியையும் பல்பையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், அவர் வீட்டில் பூனை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.