பாறைப் புடவில் கிடக்கும் கல், கருவியா வெறும் சில்லா?

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் சுற்றினால் யாராவது ஒருவர் கல்லை நீட்டி "நியாண்டர்தால் ஆயுதம்ங்க" என்பார், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன மனித இனத்தின் ஆயுதமாம். போன தை மாதம் எனக்கும் ஒருவர் நீட்டினார். கருங்கல் சில்லு, ஒரு ஓரம் கத்தி மாதிரி. நாலடி தள்ளி ரோட்டுக்கு ஜல்லி கொட்டியிருந்தார்கள். சொல்ல மனசு வரவில்லை.

கல்லைப் படிக்கப் பழக, தடித்த பாட்டிலின் உடைந்த அடிப்பாகம் போதும். கையில் எடுக்காமல் குனிந்து பாருங்கள்: அடி விழுந்த புள்ளிக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு, அங்கிருந்து சிப்பி ஓட்டில் இருப்பது போல வரி வரியாக அலை. கல்லிலும் இதைத்தான் தேட வேண்டும். வெயிலிலும் தீயிலும் தானாக வெடித்த கல்லில் பெரும்பாலும் இந்தப் புடைப்பு இருக்காது. ஆனால் கிரஷரில் அடிபட்ட ஜல்லியில் இருக்கும், அதனால் ஒரே ஒரு தழும்பைப் பார்த்துவிட்டு குதிக்காதீர்கள். ஒரே விளிம்பில், ஒரே திசையில், அடுத்தடுத்து சில்லு எடுத்த தழும்புகள் வேண்டும், அவை எல்லாமே ஒரே அளவுக்கு மங்கியும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் அது நேற்று மண்வெட்டி பட்டது.

அப்புறம், என்ன கல் என்று பாருங்கள். நம் மலை பெரும்பாலும் சார்னோக்கைட், பரும்பருமனான மணி கொண்ட பாறை, நினைத்த மாதிரி உடையாது. அங்கங்கே வெள்ளைக் குவார்ட்ஸ் ஓடும். இவை இரண்டிலும் சேராத, நைசான மணி கொண்ட கல் ஒன்று புடவுக்குள், அதாவது கூரைபோல் நீட்டிய பாறைக்கு அடியில், கிடந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அதை யாரோ சுமந்து வந்திருக்கலாம்.

சரி, நியாண்டர்தால்? அவர்கள் பேர்போன லெவல்வா முறையில், சில்லு எடுக்கப்போகும் மூலக்கல்லைச் சுற்றிச் செதுக்கி ஆமை முதுகு போல ஆக்கிவிட்டு, ஒரே அடியில் வேண்டிய வடிவில் சில்லு எடுப்பார்கள். அதே முறையில் செய்த கருவிகள் நம் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகள் பழமையான மண்ணடுக்கில் இருப்பதை தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2018ல் வெளியிட்டார்கள். செய்தவர் யார் என்று சொல்ல அங்கே எலும்பு இல்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்சும் இதே முறையில் கல் உடைத்தவர்கள்தான். நியாண்டர்தால் எலும்பு ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவின் அல்தாய் மலை வரை கிடைத்திருக்கிறது, இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. ஆக, கல்லை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

பாறைப் புடவு ஒன்றைப் பார்க்கும்போது கூரை விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டித் தரையில் விழுந்த கோட்டைத் தேடுங்கள். ஆள் உட்கார்வது அதற்கு உள்ளே, காய்ந்த பக்கம். மழை மண்ணை அரித்துக் கல்லை வெளியே காட்டுவது கோட்டை ஒட்டி. கூரையில் கரி இருந்தால் பரவசப்பட வேண்டாம், இந்த மலையின் பழங்குடியான பளியர்களும் ஆடு மேய்ப்பவர்களும் மூட்டிய தீயாக இருக்கலாம். ஈராக்கில், நியாண்டர்தால் எலும்புக்கூடுகள் கிடைத்த ஷானிதார் குகையில்கூட, 1950களில் ரால்ஃப் சொலெக்கி தோண்டியபோது குர்து ஆட்டிடையர்கள் குளிர்காலத்தில் குடியிருந்தார்கள். அது சுண்ணாம்புக்கல் குகை, எலும்பு தாங்கும். நம் மலையின் புளிப்பு மண்ணில் எலும்பு கரைந்துவிடும், அதனால் கல்லை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது.

தோண்டவே தோண்டாதீர்கள். கல் எந்த அடுக்கில் இருந்தது என்பதுதான் அதன் வயது, பிடுங்கினால் அது போச்சு. பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, புடவு முழுக்கத் தெரிய ஒன்று எனப் படம் எடுத்து, செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். கொடைக்கானல் பக்கம் நிறைய காடு 2013லிருந்து சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். வீட்டில் நீங்களே குவார்ட்ஸ் உடைத்துப் பழகினால் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள், அந்தச் சில்லுகளை மறந்தும் மலையில் கொட்டிவிடாதீர்கள்.