வசந்தகாலத்தில் பேக்கண்ட்ரி ஸ்கீயிங்: பனியைப் பார்த்து முடிவெடுப்பது எப்படி?

லிஃப்ட் இல்லாத மலையில், ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் ஏற உதவும் பட்டை) ஒட்டிக்கொண்டு நாமே ஏறி நாமே சறுக்கி இறங்குவதற்கு அமெரிக்காவின் கொலராடோவில் ஏப்ரலும் மேயும் அருமையான மாதங்கள். ஆனால் குளிர் போய்விட்டது, பனிச்சரிவு ஆபத்தும் போய்விட்டது என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆபத்து போவதில்லை, வடிவம் மாறுகிறது. ஒரே சாய்வு காலை ஏழு மணிக்குக் கல்லாக இறுகிக் கிடக்கும், ஒன்பதரைக்கு அற்புதமாக இருக்கும், பன்னிரண்டு மணிக்கு ஆளைக் கொல்லும். அதனால் வசந்தகாலத்தில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு அங்கே நிற்கிறோம் என்பதுதான் முக்கியம்.

தொடங்கும் முன் ஒன்று. குழுவில் ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (தோண்டும் மண்வாரி) மூன்றும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். பனிச்சரிவு லெவல் 1 பயிற்சியை இந்தப் பதிவு ஈடுகட்டாது. தயவுசெய்து அதை முடித்துவிட்டுப் போங்கள்.

படி 1: முந்தைய நாள் அறிக்கை

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் முன்னறிவிப்பைப் படியுங்கள். ஆபத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். எந்தத் திசை, எந்த உயரம், என்ன வகைப் பிரச்சினை என்பதெல்லாம் அதன் கீழே இருக்கும். ஈரமான தளர்பனியா, ஈர ஸ்லாபா (பலகை போல ஒரே துண்டாக உடைந்து சரியும் பனி), குளிர்காலத்திலிருந்து புதைந்து கிடக்கும் பலவீனமான அடுக்கா என்பதைப் பொறுத்து உங்கள் வழியே மாறிவிடும்.

படி 2: இரவு உறைந்ததா?

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைய வேண்டும். உறைந்தால் மேலே கெட்டியான ஓடு உருவாகி, சாய்வைப் பிடித்து நிறுத்தும். நாள்கணக்கில் இப்படி உருகி உறைந்த பனிதான், மேல்பரப்பு இளகும்போது ஜவ்வரிசி போல உருண்டு திரண்டு கிடக்கும். அதைத்தான் கார்ன் என்று சொல்லி எல்லோரும் தேடிப் போகிறோம்.

மலைகளில் உள்ள ஸ்னோடெல் தானியங்கி நிலையங்களின் வெப்பநிலையை அதிகாலையில் இணையத்தில் பாருங்கள். ஆனால் அது காற்றின் வெப்பநிலை, பனிப்பரப்பினுடையது அல்ல. வானம் தெளிவாகவும் காற்று உலர்ந்தும் இருந்தால், பனி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிடும். அப்போது காற்று 2 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் மேல்பரப்பு உறைந்துவிடலாம். மேகமூட்டமான இரவில் அந்த வெப்பம் தப்பிக்க முடியாது. பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போயிருந்தாலும் ஓடு மெல்லியதாகவே இருக்கும்.

தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் சரியாக உறையவில்லை என்றால், உருகிய நீர் ஆழமாக இறங்கி அடியில் இருக்கும் அடுக்குகளை நனைக்கத் தொடங்கும். ஈர ஸ்லாப் பெரிதாக உடைவது அப்போதுதான். அந்த வாரம் செங்குத்தான இடங்களை விட்டுவிடுங்கள்.

படி 3: சாய்வும் திசையும்

பெரும்பாலான ஸ்லாப் பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. கால்டோபோ போன்ற வரைபடங்களில் சாய்வை நிறம் போட்டுக் காட்டும் வசதி இருக்கிறது. நீங்கள் இறங்கும் இடம் மட்டுமல்ல, தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்பதையும் பாருங்கள்.

சூரியன் முதலில் கிழக்கு முகத்தை இளக்கும், பிறகு தெற்கு, அப்புறம் மேற்கு. நேரத்தை இந்த வரிசையில் அமையுங்கள்.

வடக்கு முகத்தைத் தனியாக யோசிக்க வேண்டும். அங்கே ஏப்ரலிலும் குளிர்காலப் பனியே இருக்கலாம். 2013 ஏப்ரல் 20 அன்று லவ்லண்ட் பாஸ் அருகே ஷீப் க்ரீக்கில், வடக்கு நோக்கிய சாய்வு ஒன்று தரையை ஒட்டிய பலவீனமான அடுக்கில் உடைந்து சரிந்தது. ஆறு பேர் சிக்கினார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் அந்தச் சாய்வின் அடிவாரத்தைக் கடந்துகொண்டிருந்தவர்கள். கீழே நின்றுகூட மேலே இருப்பதைக் கிளப்பிவிட முடியும். இந்த ஒரு நிகழ்வைப் பற்றிய விசாரணை அறிக்கையைப் படிப்பது பல பாடங்களுக்குச் சமம்.

படி 4: காலையில் காலால் சோதனை

வெளிச்சம் வரும்போதே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். ஸ்கீயைக் கழற்றிவிட்டுப் பூட்ஸோடு பனியில் நில்லுங்கள். ஓடு உங்கள் எடையைத் தாங்கினால் நல்லது. உடைந்து கால் உள்ளே போனால், அடியில் உறையாத சேறான பனி இருக்கிறது. இதை மரநிழலில் மட்டும் செய்து முடிவெடுக்காதீர்கள். மரக்கிளைகளும் மேகம் போலவே வெப்பத்தைத் தடுப்பதால் அங்கே பனி சரியாக உறையாது, வெட்டவெளியில் உறைந்திருக்கும். இரண்டு இடத்திலும் பார்த்தால் உண்மை தெரியும்.

படி 5: ஏறும்போது கவனிக்க வேண்டியவை

பாறைகளுக்கும் மரங்களுக்கும் கீழிருந்து சிறு பனி உருண்டைகள் தானாக உருளத் தொடங்கினால், அந்தத் திசையில் நேரம் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல்பரப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இளகியிருந்தால் சறுக்க ஏற்ற நேரம். பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தால் தாமதமாகிவிட்டது. உச்சி இன்னும் நூறு மீட்டர்தான் என்றாலும் திரும்புங்கள். அந்த நூறு மீட்டர் மிக வலுவாக இழுக்கும், தெரியும். இருந்தாலும் திரும்புங்கள்.

கொலராடோவில் தூசியும் ஒரு விஷயம். மேற்கே உள்ள பாலைவனங்களிலிருந்து காற்று கொண்டுவரும் செந்தூசி பனிமேல் படியும். கருத்த பரப்பு வெயிலை அதிகம் உறிஞ்சுவதால், தூசி படிந்த சாய்வு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இளகும்.

முகட்டு விளிம்பில் காற்று கட்டிவைத்த பனிக்கூரைகளின் அடியில் வெயில் ஏறிய பிறகு நிற்காதீர்கள். நடக்கும்போது பனிக்குள் 'வும்ப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ ஸ்கீயிலிருந்து விரிசல் ஓடினாலோ, செங்குத்தான இடம் அன்று வேண்டாம்.

புதுப்பனி விழுந்த மறுநாள் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். அதன்மேல் முதல் வெயில் பட்டதும், சில மணி நேரத்திலேயே தளர்பனி சரியத் தொடங்கும்.

படி 6: இறங்குதல்

ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருங்கள். குறுகிய ஓடைப் பள்ளங்களைத் தவிர்த்துவிடுங்கள். சிறிய சரிவுகூட அங்கே ஆழமாகக் குவிந்து மூடிவிடும். யாராவது புதைந்தால் முதல் பத்து நிமிடங்களில் தோண்டி எடுக்க வேண்டியது உடன் இருப்பவர்கள்தான். மீட்புக்குழு வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது.

வண்டிக்குத் திரும்பியதும், மையத்தின் தளத்தில் உங்கள் அவதானிப்பைப் பதிவிடுங்கள். இடம், உயரம், திசை, ஓடு எத்தனை மணிவரை தாங்கியது, புதிய சரிவுகள் கண்ணில் பட்டதா என்று நாலு வரி எழுதினால் போதும். பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை, அடுத்த அறிக்கையைத் தயாரிப்பவர்கள் அதையும் படிக்கிறார்கள்.