புதுச்சேரியிலிருந்து நந்தி மலைத் திராட்சைத் தோட்டத்துக்கு: முதல் முறை போகிறவர்களுக்கான செய்முறை

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒயின் பாட்டில் புதிதில்லை. ஆனால் அந்தத் திராட்சையைக் கொடியில் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. நமக்குக் கிட்டத்தில் அதைப் பார்க்கக்கூடிய இடம் பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலை அடிவாரம். இரண்டு இரவு, ஒரு முழுப் பகல் போதும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பிரான்சில் செப்டம்பர் வாக்கில் அறுவடை. நம் பக்கத்தில் குளிர்காலம் கொடியை உறங்க வைக்கும் அளவுக்கு இல்லை. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து (கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது) செய்கிறார்கள். மழைக்காலம் முடியும் நேரத்தில் செய்யும் கவாத்துதான் காய்ப்புக்கு. அந்தக் காய் பழுத்து வருவது பிப்ரவரி, மார்ச்சில். ஜூலையில் போனால் வெறும் இலைதான் இருக்கும். ஜனவரி 26 விடுமுறையைச் சேர்த்துத் திட்டம் போட வேண்டாம், அன்று மது விற்பனை கிடையாது. தேர்தல் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு நாளைக்கு ஒரே ஒயின் ஆலை

முதல் முறைக்கு என் தேர்வு தொட்டபள்ளாப்பூர் பக்கம் இருக்கும் குரோவர் ஸாம்பா. கன்வல் குரோவர், பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதி ஒயின் தயாரிப்பாளர் ஜார்ஜ் வெஸ்ஸெலோடு சேர்ந்து பிரெஞ்சு ரகங்களை இந்த மண்ணில் நட்டுப் பார்த்து, 1988-ல் தொடங்கிய நிறுவனம். போகும் முன் தொலைபேசியில் நாலு விஷயம் கேளுங்கள்: அன்று சுற்றிக் காட்டுவார்களா, எத்தனை மணிக்கு, எத்தனை ஒயின் சுவைக்கத் தருவார்கள், பழம் அரைக்கும் வேலை நடக்கிறதா. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் தேதியை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுகூட நல்லதுதான். சுவைக்கிறவர்களுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆதார் கையில் இருக்கட்டும்.

3. பயணம்

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் சுமார் 310 கிலோமீட்டர். இரவு அங்கே தங்கிவிட்டு, காலையில் ஓட்டுநரோடு வாடகைக் கார் எடுங்கள். "ரெண்டு மடக்குதானே" என்று யாரும் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது.

4. அன்று காலை

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இட்லி சாப்பிடுங்கள், காரச் சட்னியை மட்டும் ஒதுக்குங்கள். காரம் ஏறிய நாக்குக்கு ஒயினின் மென்மையான ருசி எட்டாது. சென்ட் வேண்டாம். பூவும் வேண்டாம். முதல் முறை போனபோது அக்கா இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். கோப்பைக்குள் மூக்கை விட்டால் அவளுக்கும் மல்லிகை, பக்கத்தில் நின்ற எனக்கும் மல்லிகை. பாதியில் பூவை எடுத்துப் பைக்குள் வைத்த பிறகுதான் ஒயினின் வாசம் தெரிந்தது.

5. தோட்டத்திலும் ஆலையிலும்

அனுமதி கேட்டு ஒரு பழம் வாயில் போட்டுப் பாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சை மாதிரி சாறு பீறிடாது. பழம் சின்னது, தோல் தடிப்பு, கொட்டை பெரிது, இனிப்போ அதிகம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்துதான். தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு. பிழிந்த சாறு மட்டும் புளித்தால் வெள்ளை. எஃகுத் தொட்டியைத் தொட்டால் சில்லென்று இருக்கும். புளிக்கும்போது சூடு ஏறும், அதை அடக்கத்தான் அந்தக் குளிர்ச்சி.

சுவைக்கும் வரிசை: நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோஸே என்னும் இளஞ்சிவப்பு, கடைசியில் சிவப்பு. கோப்பையைக் காம்பில் பிடித்து மெதுவாகச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். பிறகு விழுங்கலாம், துப்பலாம். துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள், அதில் கூச்சமே வேண்டாம். எத்தனை ஒயின் சுவைத்தாலும் நிதானம் தப்பாமல் இருக்க அதுதான் வழி. நடுவில் தண்ணீர்.

6. பிக்னிக் கூடை

இதில் நமக்குக் கொடுப்பினை உண்டு. கிளம்பும் நாளில் புதுச்சேரி பேக்கரியில் நீள ரொட்டி இரண்டு, ஆரோவில் சீஸில் கெட்டியான வகை ஒன்று. மென்மையான சீஸ் வழியிலேயே இளகிவிடும். ஐஸ் பெட்டி இருந்தால் மட்டும் எடுங்கள். ரொட்டி மறுநாள் கொஞ்சம் இறுகியிருக்கும், சீஸோடு சாப்பிட அது தடையில்லை. வறுத்த முந்திரிக்குப் பண்ருட்டி இருக்கவே இருக்கிறது. வழியில் பெங்களூர் ப்ளூ திராட்சை கிடைத்தால் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆலைக்குள் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால், 'போக நந்தீசுவரர்' கோயில் இருக்கும் நந்தி கிராமத்துப் பக்கம் நிழல் தேடி உட்காரலாம். மலை உச்சியில் கூடையைத் திறக்காதீர்கள், குரங்குகள் விடாது. எங்கே உட்கார்ந்தாலும் பிக்னிக்கில் மது வேண்டாம். பொது இடத்தில் குடிப்பது குற்றம், பக்கத்தில் கோயிலும் இருக்கிறது.

7. திரும்பும்போது

பாட்டில் வாங்கி வராதீர்கள். ஓசூருக்கு முன்பே, அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. வெளி மாநில மதுவை அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் வழக்குதான். பிடித்த ஒயினின் லேபிளைப் படம் எடுத்து வந்து புதுச்சேரிக் கடையில் கேளுங்கள். கடலூர்க்காரர்கள் அதையும் இங்கேயே குடித்து முடித்துவிட வேண்டும். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.